சோளகம் தெரியாத மென்பொருள்

இலண்டனில் வாழும் தீவகத்து நண்பர் ஒருவர் சென்ற வாரம் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். தமது ஊரின் அபிவிருத்திச் சங்கத்துக்கு இலண்டன், பாரிஸ், சூரிச், ரொறன்ரோ ஆகிய நான்கு நகரங்களில் கிளைகள் இருப்பதாகவும், ஊரில் மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டதாகவும், எந்த வேலையை யார் செய்கிறார் என்பது இப்போது ஒருவருக்குமே தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். "செயற்றிட்ட முகாமைத்துவத்துக்கு எந்த மென்பொருள் நல்லது? ட்ரெல்லோவா, ஆசானாவா, சோகோவா? நீங்கள் இதில் அடிபட்டவர் என்று கேள்விப்பட்டேன்" என்று கேட்டிருந்தார்.

அடிபட்டவன் என்பது உண்மைதான். அவருக்குத் தனியே பதில் எழுதத் தொடங்கினேன். எழுத எழுத, இது அவருக்கு மட்டும் உரிய பதில் அன்று என்று தோன்றியது. 1990களின் தொடக்கத்தில் தீவகத்தில் இருந்து இடம்பெயர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் திரும்பி வரவில்லை. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று எந்த ஊரை எடுத்தாலும் ஊரின் ஒரு பாதி கடலுக்கு அப்பால் இருக்கிறது. பணம் அங்கே, வேலை இங்கே. முடிவெடுப்பவர் அங்கே, முடித்துக் காட்ட வேண்டியவர் இங்கே. இந்த இடைவெளியைக் கடக்க ஏதோ ஒரு கருவி தேவைப்படுகிறது. ஆகவே பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கதை. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறிப் போகவேண்டிய தீவு ஒன்றில் உள்ள பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்தில் நானும் ஓர் உறுப்பினன். 2018ஆம் ஆண்டு தை மாதம், பாடசாலைக்கு ஒரு மழைநீர்த் தொட்டியும், அதற்கு நீர் சேர்க்கும் கூரைத் திருத்தமும் என்று முடிவெடுத்தோம். தீவகத்தில் கோடை முற்றக் கிணறுகள் உவர்க்கும் என்பது யாவரும் அறிந்தது. ஐப்பசி மழைக்கு முன் தொட்டி எழும்பிவிட்டால் அடுத்த கோடையில் பிள்ளைகள் போத்தலில் தண்ணீர் சுமந்து வரவேண்டியதில்லை. வேலை சிறியது; காலக்கெடுவை வைத்தது வானம்.

ரொறன்ரோக் கிளையில் கணினித்துறையில் இருக்கும் ஓர் இளைஞர், திறமைசாலி, ஊர்ப்பற்று மிகுந்தவர், ஒரு மென்பொருளை முன்மொழிந்தார். அதன் பெயரை இங்கு சொல்லப்போவதில்லை. பிழை அதனுடையது அன்று. முப்பத்தெட்டுப் பணிகள், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர், முடிவுத் திகதி, யாவும் நிறம் நிறமான பட்டைகளாகத் திரையில் விரிந்தன. சூம் கூட்டத்தில் பார்த்த அனைவரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

முப்பத்தெட்டில் இருபத்தொன்றுக்குப் பொறுப்பாளர் ஒருவரே. அப்பாடசாலையில் எனக்குக் கணிதம் கற்பித்து, ஓய்வுபெற்று, தீவிலேயே தங்கிவிட்ட மாஸ்ரர். அவரிடம் பேரன் விட்டுச்சென்ற ஒரு பழைய கைபேசி இருந்தது. அதில் அந்தச் செயலியை நான்தான் பதிவேற்றிக் கொடுத்தேன். கடவுச்சொல்லைக் கொப்பியின் பின்னட்டையில் எழுதியும் வைத்தேன்.

சித்திரை நடுப்பகுதிக்குள் மணல் வந்திறங்க வேண்டும் என்பது திட்டம். மணல் அனுமதி சித்திரைக் கடைசியில்தான் கிடைத்தது. வைகாசியில் சோளகம் எழுந்தது. கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் பயணிகள் படகே ஒழுங்காக ஓடாத நாட்கள் வந்தன. பாரம் ஏற்றும் வள்ளக்காரர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சீமெந்துப் பைகள் இறங்குதுறைக்கு அருகே ஒரு கொட்டிலில் கிடந்து காற்று ஈரத்தில் கட்டிபட்டன. திரையில் பணிகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாகின. ஒவ்வொரு காலையும் மென்பொருள் தன் கடமையைச் செய்தது: இன்னாரின் பணி இத்தனை நாள் தாமதம் என்று நான்கு நாடுகளில் உள்ள அறுபத்தைந்து பேருக்கும் மின்னஞ்சல் அனுப்பியது.

ஒருநாள் மாஸ்ரர் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, என்ரை பேர் ஏன் சிவப்பிலை கிடக்கு?"

"அது ஒண்டுமில்லை சேர், திகதி கடந்தால் அது தானாய் அப்பிடிக் காட்டும்."

"நாப்பது வருசம் சிவப்புப் பேனையாலை மற்றவையின்ரை கொப்பியைத் திருத்தினனான். இப்ப கனடாவிலை இருந்து என்ரை கொப்பியைத் திருத்துறாங்கள் போல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மறு வாரம் பொறுப்பில் இருந்து விலகுவதாகக் கடிதம் வந்தது. கையால் எழுதிய, முத்துமுத்தான எழுத்தில், ஒரு சொல்கூடக் கடிந்து பேசாத கடிதம். அவர் விலகியதும் மேசனும் மெல்லக் கழன்றுகொண்டார். அந்த ஆண்டு ஐப்பசி மழை, திறந்து கிடந்த அத்திவாரக் குழியில் பெய்து கடலோடு போயிற்று. பிள்ளைகள் இன்னொரு கோடைக்கும் போத்தல் சுமந்தார்கள்.

மாரி ஓய்ந்த பின் அவரைச் சமாதானப்படுத்த நான் படகேறிப் போனேன். முற்றத்தில் கதிரை போட்டு இருத்தி, தேநீர் தந்து, ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். தை மாதத்தில் இருந்து ஒவ்வொரு நாளும் ஒரு வரி. காற்று எப்படி, படகு ஓடியதா, பிரதேச செயலகத்தில் யாரைக் கண்டார், என்ன சொன்னார்கள், மேசனுக்கு எவ்வளவு கொடுத்தார், பற்றுச்சீட்டு எங்கே. எங்கள் முப்பத்தெட்டுப் பட்டைகளிலும் இல்லாத திட்டம் அந்தக் கொப்பியில் இருந்தது. தை மாதமே ஓர் இடத்தில் எழுதியிருந்தார்: "சாமான் முழுவதும் பங்குனிக்குள் ஏற்ற வேண்டும். பிந்தினால் சோளகம்." நாங்கள் யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும், படித்த பிள்ளைகள் கணக்குப் போட்டுத்தானே செய்திருப்பார்கள் என்று இருந்துவிட்டார்.

அன்று திரும்பி வரும் படகில் எனக்கு என் தொழில் ஞாபகத்துக்கு வந்தது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பின் தீவகச் செய்திகள் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் வரும். நிருபர் காற்றின் இரைச்சலுக்கு நடுவே சொல்லுவார். உதவி ஆசிரியர் ஒருவர் காதில் வாங்கி எழுதுவார். திரும்ப வாசித்துக் காட்டிச் சரிபார்ப்பார். செய்தி ஆசிரியர் தமது மேசைக் குறிப்பேட்டில், எது வந்தது, எது வரவேண்டும் என்று கோடிடுவார். முழுப் பத்திரிகையும் அந்த ஒரு குறிப்பேட்டில் இருந்துதான் எழுந்தது. எந்த ஒரு நாளும் தீவக நிருபரிடம் நாங்கள் பக்கம் வடிவமைக்கச் சொன்னதில்லை. அவருடைய வேலை அங்கே நடப்பதை அறிவது. அதைப் பதிவது எங்கள் வேலை. இந்தச் சின்ன நியாயத்தைத் தொழிலில் முப்பது ஆண்டு கடைப்பிடித்த நான், ஊர்ச் சங்கத்தில் மறந்துபோனேன்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். கருவிகளை ஒப்பிடும் கட்டுரைகள் இணையத்தில் ஏராளம் உண்டு. பெரும்பாலும் அவை ஒரே கட்டடத்தில், ஒரே வேகமான இணைப்பில், ஒரே மொழியில், சம்பளத்துக்கு வேலை செய்யும் குழுக்களை மனத்தில் வைத்து எழுதப்படுபவை. எங்கள் குழு அப்படியானது அன்று. ஆகவே குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றுகொண்டு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

வட்ஸ்அப்பை ஒரு முகாமைத்துவக் கருவி என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நம் சங்கங்களில் பெரும்பாலானவை உண்மையில் அதில்தான் ஓடுகின்றன. காரணம் எளிது. அது எல்லோரிடமும் இருக்கிறது, தமிழில் இயங்குகிறது, இணைப்பு நலிந்த இடத்திலும் செய்தி காத்திருந்து போய்ச் சேருகிறது, எழுதச் சலிப்பவர் பேசி அனுப்பலாம். அதன் குறை, அதற்கு ஞாபகம் இல்லாதது. காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் மரண அறிவித்தல்களுக்கும் இடையில் ஒரு சீமெந்துப் பற்றுச்சீட்டு விழுந்தால், ஆறு மாதம் கழித்து அதைத் தேடி எடுப்பது நெடுந்தீவுப் புற்றரையில் ஊசி தேடுவதுதான். குரற்பதிவுகளைத் தேடுவது இன்னும் கடினம்.

கூகிளின் விரிதாள் இலவசம். இணைப்பு முகவரி உள்ள எவரும் பார்க்கலாம். யார் எப்போது எதை மாற்றினார் என்பதும் அதில் பதிவாகிறது. பணம் புழங்கும் சங்கத்துக்கு இது பெரிய காவல். ஆயின் பதினைந்து நிரல் கொண்ட தாளைக் கைபேசியில் பார்ப்பது சாவித்துவாரத்தால் கோயில் திருவிழாப் பார்ப்பது போன்றது. எழுதுபவர்கள் மிகச் சிலராக இருந்து, மற்றவர்கள் பார்ப்பவர்களாக இருந்தால் இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

ட்ரெல்லோ 2011இல் வந்தது. 2017இல் அட்லாசியன் நிறுவனம் அதை 425 மில்லியன் டொலருக்கு வாங்கியது. ஒரு வேலைக்கு ஓர் அட்டை. 'செய்யவேண்டியவை', 'நடப்பவை', 'முடிந்தவை' என்று மூன்று நிரல். அட்டையை ஒன்றில் இருந்து மற்றதற்கு நகர்த்துவது. யப்பானின் தொயோட்டா தொழிற்சாலைகளில் பிறந்த கான்பான் முறையின் திரை வடிவம் இது. பார்த்த மாத்திரத்தில் விளங்கும். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அட்டையிலேயே ஒட்டிவிடலாம். கைபேசியில் இணைப்பு இல்லாத வேளையிலும் எழுதிவைக்கலாம்; படகு கரைக்கு வந்து இணைப்புக் கிடைத்ததும் சேர்ந்துகொள்ளும். தீவுக்கு இது பெரிய நன்மை. அட்டையில் தமிழில் எழுதலாம், ஆனால் பொத்தான்கள் ஆங்கிலம். ஒன்று முடிந்தால்தான் மற்றது தொடங்கும் என்ற சங்கிலியை இந்த எளிய அட்டைகள் இயல்பாகக் காட்டமாட்டா. 2024இல் இலவசத் திட்டத்தில் ஒரு பணிவெளிக்குப் பத்துப்பேர் என்று எல்லையும் வந்துவிட்டது. இலவசம் என்று நம்பிச் சங்கத்தின் ஐந்து ஆண்டு நினைவையும் ஒரே இடத்தில் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆசானாவும் சோகோவின் செயற்றிட்டச் செயலியும் அடுத்த படி. பேஸ்புக்கின் இணை நிறுவுநர்களுள் ஒருவரான டஸ்ரின் மொஸ்கோவிச் 2008இல் இன்னொருவருடன் சேர்ந்து தொடங்கியது ஆசானா. பெயர் நம்முடைய ஆசனம்தான். சோகோ, 1996இல் தொடங்கிய நிறுவனம்; தென்காசிக்கு அருகே கிராமத்தில் அலுவலகம் வைத்து மென்பொருள் செய்பவர்கள். நம்மவர் செய்தது என்ற பெருமிதம் எனக்கும் உண்டு. ஆனால் பெருமிதம் ஒரு தெரிவுக் காரணம் ஆகாது. இவ்விரண்டும் பணிச் சங்கிலியை நன்றாகக் கையாளுகின்றன. பொறுப்பாளர், திகதி, தாமதம் யாவும் துல்லியம். தினமும் கணினி முன் அமரும் பத்துப்பேர் இருந்தால் இவை அருமையானவை. வாரம் ஒருமுறை யாழ்ப்பாணம் வரும் தொண்டர்களுக்கு, அந்தத் துல்லியமே சுமையாகிவிடும்.

மைக்ரோசொஃப்டின் 'புரொஜெக்ற்' இவற்றுக்கெல்லாம் மூத்தது, 1984இல் பிறந்தது. அதன் உயிர், ஹென்றி கான்ற் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1910களில் பரப்பிய பட்டை வரைபடம். கட்டடம், வீதி, பாலம் என்று ஒன்றன்மேல் ஒன்று எழும் வேலைக்கு இன்றும் அதற்கு நிகர் குறைவு. அதைக் கையாள ஒரு பொறியியலாளர் போதும். அச்சிட்டுச் சுவரில் ஒட்டலாம். அதில் நான் மிகவும் விரும்புவது நாட்காட்டி வசதி. வேலை செய்ய முடியாத நாட்கள் இவை என்று முன்கூட்டியே குறித்துவிட்டால், திட்டம் அவற்றைத் தாண்டித் தன்னை ஒழுங்கு செய்துகொள்ளும். அதாவது வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை கடலில் பாரம் ஏற்ற இயலாது என்று ஒரே ஒருமுறை எழுதியிருந்தால், அது சோளகத்தை அறிந்திருக்கும். இத்தகைய வசதி வேறு சில மென்பொருள்களிலும் உண்டு. நாங்கள் பயன்படுத்தியதிலும் இருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அந்தக் கட்டத்தை நிரப்புவதற்கான விடை ரொறன்ரோவில் இருக்கவில்லை. அது மாஸ்ரரின் முற்றத்தில் இருந்தது.

இப்படி எழுதுவதால் ரொறன்ரோ இளைஞரைக் குறைசொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். அவர் என்னிடம் சொன்ன ஒரு வாதத்துக்கு இன்றுவரை என்னிடம் மறுப்பு இல்லை. "எல்லாம் ஒருவரின் கொப்பியில் இருந்தால், அவருக்கு ஏதாவது நடந்தால் என்ன செய்வது? காசு தந்தவர்களுக்கு யார் கணக்குச் சொல்வது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எத்தனை ஊர்ச் சங்கங்கள் களவினால் அல்ல, கணக்கை உரிய நேரத்தில் காட்டாததால் இரண்டாகவும் மூன்றாகவும் உடைந்தன என்பதைத் தீவகத்தார் நன்கு அறிவார்கள். கொப்பி போதும் என்று சொல்பவன் அல்லன் நான். கொப்பியில் உள்ளது வெளியே வரவேண்டும். ஆனால் அதை வெளியே கொண்டுவரும் சுமையைக் கொப்பிக்காரரின் தலையிலேயே கட்டக்கூடாது என்கிறேன்.

தாமதத்துக்கெல்லாம் மென்பொருள் மருந்து என்ற நம்பிக்கையையும் சற்றுக் குறைத்துக்கொள்ள வேண்டும். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் காற்று, சூரிய ஒளி, மின்கலம் சேர்ந்த மின்சாரத் திட்டம் ஒன்று வந்ததை வாசகர்கள் அறிவார்கள். 2021இன் தொடக்கத்தில் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. இந்தியாவின் ஆட்சேபம் எழுந்தது. அந்த ஆண்டின் கடைசியில் சீனத் தரப்பு இடைநிறுத்தியது. 2022இல் இந்திய நன்கொடைக்கு உடன்பாடாயிற்று. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஒப்பந்தம் கைமாறவே மூன்று ஆண்டு. அத்திட்டத்தில் தேர்ந்த முகாமையாளர்களுக்கோ விலையுயர்ந்த மென்பொருள்களுக்கோ பஞ்சம் இருந்திராது. இரு வல்லரசுகளின் போட்டிக்கு எந்த வரைபடத்திலும் பட்டை இல்லை. தீவுக்கு வெளியே இருந்து வரும் காற்று சோளகம் மட்டும் அன்று.

மறுபுறம், மிக எளிய கருவிகளால் உலகெங்கும் பரந்த தமிழர் செய்துகாட்டிய வேலைகளும் உண்டு. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், நாடு நாடாகச் சிதறியிருந்த தொண்டர்களை மின்னஞ்சலால் இணைத்துப் பழந்தமிழ் நூல்களை மின்னேற்றியது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் உரையாடல் பக்கமும் ஒரு வரலாற்றுப் பக்கமும் உண்டு. யார் என்ன மாற்றினார் என்பது எவருக்கும் தெரியும். 2005இல் தொடங்கிய நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பல்லாயிரக்கணக்கில் காத்துவருகிறது. இவற்றை நடத்தியது கருவியின் நுட்பம் அன்று. வேலை சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. செய்தது எல்லோருக்கும் தெரிந்தது. செய்யமுடியாதவர் வெட்கப்படாமல் ஒதுங்க முடிந்தது. மூன்றாவதைத்தான் நாங்கள் மாஸ்ரருக்கு மறுத்தோம்.

ஆகவே நண்பருக்கு என் பதில் இதுதான். மென்பொருளைத் தேர்வதற்கு முன் ஊரில் உள்ள பொறுப்பாளரின் கைபேசியை வாங்கிப் பாருங்கள். அவருக்கு எழுத வருமா, பேச வருமா, வாரத்தில் எத்தனை நாள் இணைப்பு என்று அறியுங்கள். அவரிடம் வட்ஸ்அப் மட்டும் இருந்தால் அவருக்கு அது போதும், அவர் பேசட்டும். புலத்தில் நேரம் உள்ள ஒருவரைப் பதிவாளர் ஆக்குங்கள். அவர் வாரம் ஒருமுறை தொலைபேசி எடுத்து, கேட்டு எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, ட்ரெல்லோவிலோ விரிதாளிலோ ஏற்றட்டும். ஒரு பெரிய கட்டடம் எழுப்புகிறீர்கள் என்றால் மட்டும் பட்டை வரைபடத்துக்குப் போங்கள். போகுமுன் காற்றையும் மழையையும் அனுமதிப் பத்திரங்களையும் ஊரவரிடம் கேட்டு நாட்காட்டியில் எழுதுங்கள். கணக்கும் கடவுச்சொல்லும் ஒரு தனியாளின் பெயரில் அல்லாமல் சங்கத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும். செயலாளர் மாறும்போது சங்கத்தின் நினைவும் அவரோடு போய்விடக்கூடாது. தாமத அறிவித்தலை அறுபத்தைந்து பேருக்கு அனுப்பும் பொத்தானை முதல் நாளே அணைத்துவிடுங்கள். தாமதத்தை ஒருவர் மற்றவரிடம் தொலைபேசியில் கேட்கவேண்டும். கேட்டால் காரணம் வரும். மின்னஞ்சலுக்கு ராஜினாமாக் கடிதம்தான் வரும்.

எங்கள் தொட்டி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அன்று முற்றத்தில் மாஸ்ரர் ஒரு நிபந்தனை விதித்தார். "நான் சொல்லுவன். நீங்கள் எழுதுங்கோ. எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டுங்கோ." அவ்வாறே செய்தோம். ரொறன்ரோ இளைஞரே பதிவாளர் ஆனார். ஞாயிறு தோறும் அழைப்பார். முதலில் வேலையைப் பற்றிக் கதைத்தவர்கள், பிறகு காற்றைப் பற்றி, ஊரைப் பற்றி, அந்த இளைஞரின் தாத்தாவைப் பற்றியெல்லாம் கதைக்கத் தொடங்கினார்கள். 2019 பங்குனியில் சாமான் முழுவதும் ஏறியது. ஐப்பசி பிறக்கமுன் தொட்டி எழும்பியது. மழை அந்தமுறை தொட்டிக்குள் பெய்தது.

இப்போது அந்தப் பொறுப்பை அதே பாடசாலையின் இளம் ஆசிரியை ஒருவர் ஏற்றிருக்கிறார். அவர் தாமே அட்டைகளைத் தமிழில் எழுதுகிறார், பற்றுச்சீட்டுகளைப் படம் எடுத்து ஒட்டுகிறார், பதிவாளர் தேவைப்படவில்லை. ஆள் மாறியது, கருவியும் மாறியது. அவர் உருவாக்கிய பலகையில் நான்காவதாக ஒரு நிரல் இருக்கிறது. எந்த மென்பொருள் நிறுவனமும் அதைக் கற்பனை செய்திருக்காது. அதன் தலைப்பு: 'காற்றுக்குக் காத்திருப்பவை'. அந்த நிரலில் இருக்கும் எந்த அட்டையும் சிவப்பாவதில்லை.